அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் பழுப்பு?

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் தறி ஓடாது. குழியில் ஈரம் ஏறும், பாவு தொய்ந்துபோகும், பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆரணியில் நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் சத்தம் நின்றுவிட்டால் மழை என்று அர்த்தம். கூலியும் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

போன டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு நான் போயிருந்தபோது அப்படித்தான் நான்கு நாட்கள் நின்றது. எட்டு வயது அண்ணன் மகள் சும்மா இருக்க முடியாமல் நச்சரித்ததால் என் லேப்டாப்பில் 'மைக்ரேஷன்' படத்தைப் போட்டேன். 2023 கடைசியில் வந்த அனிமேஷன் படம். ஒரு வாத்துக் குடும்பத்தின் கதை. குழந்தைக்காகப் போட்ட படத்துக்கு அம்மா வந்து உட்கார்ந்தாள், அண்ணி வந்தாள், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அத்தை குடையோடு வந்தாள், அத்தையின் மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். அப்பா தறியின் ஓரமாக உட்கார்ந்து, பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஆங்கிலத்தில் ஓடியது. வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்கிறவளுக்கு ஒரு கட்சி இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கதை சின்னதுதான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பக்கம் ஒரு குளம். அதில் மாக் என்ற அப்பா வாத்து, பாம் என்ற அம்மா வாத்து, டாக்ஸ் என்ற மகன், க்வென் என்ற குட்டி மகள். கூடவே டான் என்ற ஒண்டிக்கட்டை மாமா. மாக்குக்குக் குளத்தைத் தாண்டினால் சாவு என்ற பயம். பிள்ளைகளுக்குத் தூங்கும்போது சொல்லும் கதைகூட, குளத்தை விட்டுப் போன வாத்துகள் எப்படிச் செத்தன என்பதுதான். வலசை போகிற இன்னொரு குடும்பம் வந்து இறங்கி, ஜமைக்கா போகிறோம் என்கிறது. பாமுக்கு ஆசை வருகிறது. மாக் முடியாது என்கிறது. அப்புறம் டான் மாமாவைப் பார்த்து, நாமும் இப்படித்தான் ஆகிவிடுவோமோ என்று பயந்து மனசு மாறுகிறது. எல்லோரும் கிளம்புகிறார்கள். வழியில் புயல், நியூயார்க், ஒரு சமையல்காரன் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் ஜமைக்கா கிளி, எல்லாம் வருகிறது.

எனக்கு இந்தப் படத்தில் பாமைத்தான் பிடிக்கும். ஒரு தாய், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, எனக்கு உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். குழந்தைகள் படத்தில் அம்மாக்கள் இப்படிப் பேசுவது குறைவு. முக்கால்வாசிப் படங்களில் அவர்கள் முதல் பத்து நிமிடத்தில் செத்துப்போவார்கள், இல்லையென்றால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதனால் பாம் பேசும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். "பாருங்க, அவங்க கேக்கறது நியாயம்தானே" என்று வசனத்தில் இல்லாததையும் சேர்த்துவிட்டேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது அப்படியா சொல்லிச்சு, இல்ல நீ சொல்றியா?" என்றாள்.

அத்தை முழுக்க மாக் பக்கம். "அதுக்குத்தான் பொறுப்பு கீது. ரெண்டு குஞ்ச வெச்சிக்கினு எங்க போறது? வழியில ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" புயலில் மாட்டி, ஒரு கிழட்டு நாரை தன் குடிசையில் அவர்களைப் பொரிக்கிற சட்டியிலேயே படுக்கவைத்தபோது அத்தை திருப்தியாகத் தலையாட்டினாள். தன் கட்சி ஜெயித்துவிட்ட மாதிரி. அத்தை இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்தவள். மறுபடி எங்கேயும் போகாமல் பிறந்த தெருவிலேயே தார் சுற்றி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். அவள் பயத்தைப் பிற்போக்கு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. வெளியே இருந்ததெல்லாம் அவளுக்கு நிஜமாகவே சட்டியாகத்தான் இருந்தது.

அண்ணிக்குப் புறாக் கூட்டத்தின் தலைவிதான் பிடித்தது. சம்ப் என்று பெயர். நியூயார்க் தெருவில் குப்பை பொறுக்கி, சண்டை போட்டு, கடைசியில் வழி காட்டுகிற ஒற்றைப் பெண் புறா. "யாருக்கும் பொண்டாட்டி இல்ல, ஊரே அதுக்குப் பயப்படுது" என்று அண்ணி சிரித்தபோது அப்பா தொண்டையைச் செருமினார். அத்தையின் மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கூண்டுச் சாவியை எடுக்கிற இடத்தில் மட்டும் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அண்ணன் மகளின் தீர்ப்பு: க்வென் நல்லவள், படம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அப்பாவையும் கேட்டேன். அவர் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த ஆண் வாத்து தலையில ஒரு பச்சை போட்டிருக்கான் பாரு, திரும்பும்போது நீலமா ஓடுது. மயில் கழுத்துக் கலரு" என்றார். மயில் கழுத்து எங்களுக்குப் பழக்கமான நிறம். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று கொடுத்தால் துணியைச் சாய்க்கச் சாய்க்க ஒன்று மறைந்து இன்னொன்று எழும். நிஜ வாத்தின் தலையிலும் அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருகிறது. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அந்த வாத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. நாற்பது வருஷமாக அன்னப்பட்சியும் இருதலைப்பட்சியும் கிளியும் ஜரிகையில் நெய்கிற மனுஷர். பறவை என்றால் அவருக்கு ஜக்கார்டு அட்டையில் எத்தனை துளை என்ற கணக்கு.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "அவருக்கு மயில் கழுத்து. கிளிக்கு அத்தனை கலரு. அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் பழுப்பு?"

படக்காரர்கள் செய்த வஞ்சனை இல்லை, அந்த இனமே அப்படித்தான் என்றேன். பெண் தரையில் கூடு கட்டி, எட்டிலிருந்து பதின்மூன்று முட்டை வரை இட்டு, இருபத்தெட்டு நாள் அடைகாக்கும். நரியும் காக்கையும் கண்டுபிடிக்காமல் இருக்க, காய்ந்த புல்லின் நிறம் வேண்டும். "அப்போ அவரு?" என்றாள் அண்ணி. அவர் அடைகாப்பு ஆரம்பித்த கொஞ்ச நாளில் கிளம்பிப் போய்விடுவார், குஞ்சுகளை வளர்ப்பது தாய் மட்டும்தான் என்றேன். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்தது. அத்தைதான் அதிகமாகச் சிரித்தாள். படத்தில் குடும்பத்தைக் காப்பாற்றத் தவிக்கும் மாக் மனிதர்கள் வாத்துக்கு மாட்டிவிட்ட ஆள். எழுதிய மைக் ஒயிட்டும் இயக்கிய பெஞ்சமின் ரென்னரும் ஆண்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பயந்த அப்பா தைரியசாலி ஆவதுதான் அவர்களுக்குக் கதையாகப் பட்டிருக்கிறது. முதலிலேயே தைரியமாக இருந்த அம்மாவுக்குக் கதை இல்லாமல் போய்விட்டது.

இதை நான் யோசித்து எழுதுவதற்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டாள். லேப்டாப்பை மூடிய பிறகு, "நீ அந்தம்மாவ இன்னாமோ பெருசா சொன்னியே, அது இன்னா செஞ்சிது?" என்றாள். "போலாம்னு சொல்லிச்சு. அவரு வேணான்னாரு. நின்னுடுச்சு. அப்புறம் அவரு சரின்னாரு. போச்சு. அவரு மனசு மாறாட்டி அது அந்தக் கொளத்துலதானே கீது?"

எனக்குச் சுருக்கென்றது. என்னை மீறி, "நீயும் அப்படித்தானே இருந்த?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எத்தனையோ வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி. என் பெண்ணியம் தொடங்கியதே அவளைப் பார்த்துக் கோபப்பட்டதில்தான். விடியற்காலையில் ராட்டையில் தார் சுற்றுவாள், சமைப்பாள், பகல் முழுக்கத் தறியில் உட்காருவாள். கூலி புடவைக்குத்தான், ஆளுக்கு இல்லை. அந்தக் கூலி அப்பா கைக்கு வரும். சங்க உறுப்பினர் அட்டையில் அப்பா பெயர். 2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் 72 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்று வந்தபோது, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அம்மாவிடம் காட்டு என்று. அவள் பார்த்துவிட்டு, "இதுக்கா கணக்கு எடுத்தாங்க?" என்று கேட்டாளாம்.

அன்றைக்கு அவள் கோபப்படவில்லை. "உனக்குக் கோர்வை ஞாபகம் கீதா?" என்றாள்.

இருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் ஒரு பக்கம் இருந்தால் மறுகரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். நெசவு வீடுகளில் அந்த ஆள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். நாலாம் வகுப்பு விடுமுறையில் அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். கை வேகமாக இருக்கிறது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தும் இரண்டு வாரம் நான் போகவில்லை. பிறகு ஒருநாள் போனேன். ஏன் போக முடிந்தது என்று நான் யோசித்ததே கிடையாது. ஆசிரியர் யாராவது வந்து பேசியிருப்பார் என்று நானாக ஒரு கதை வைத்திருந்தேன். கல்லூரி மேடையில் ஒருமுறை அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

"யாரும் வரல" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் நான் தார் சுத்தறதோட சரி. அந்த எடத்துல நான் உக்கார்றேன், அவ போவட்டும்னேன். உங்கப்பா வேணான்னாரு. ரெண்டு நாளு நான் ஒல வைக்கல."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை, "ஆமா, உங்களுக்கெல்லாம் அந்த ரெண்டு நாளும் எங்க வூட்டுலதான் சோறு" என்றாள், நேற்று நடந்த மாதிரி.

என்ன பேசுவதென்று தெரியாமல் நான் மறுபடி வாத்துக்குப் போனேன். வாத்துகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பறக்கிற இறகெல்லாம் மொத்தமாக உதிர்ந்துவிடும், மூன்று நான்கு வாரத்துக்குப் பறக்கவே முடியாது, நாணலுக்குள் ஒளிந்து கிடக்கும் என்றேன். "அப்புறம் முளைக்குமா?" என்றாள். முளைக்கும் என்றேன். வலசை வாத்துகள் இங்கேயும் வரும், வேடந்தாங்கலுக்கு வரும், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலை தாண்டி வருகிறவை என்றும் சொன்னேன். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களின் மந்தையைத் தவிர அவள் வேறு வாத்து பார்த்ததில்லை. "எவ்ளோ தூரம்?" என்றாள். இமயமலையா என்றேன். "வேடந்தாங்கலு" என்றாள்.

வந்தவாசி வழியாக மதுராந்தகம் போய், அங்கிருந்து போக வேண்டும். தறியில் இருந்த பாவில் இன்னும் இரண்டு புடவை பாக்கி. அது முடியட்டும் என்றாள். பாவு முடிந்து அடுத்ததைப் பிணைக்கிற இடைவெளியில்தான் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் போவதும் துக்கத்துக்குப் போவதும். பிப்ரவரியில் போன் வந்தது. "பாவு முடிஞ்சிது. உங்கப்பா வரலியாம். பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

அவளும் அத்தையும் வந்தார்கள். ஆம், அத்தையும். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் பைனாகுலரை வாங்கி அம்மா கண்ணில் வைத்தாள். மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை. நான் தண்ணீரில் ஒரு கூட்டத்தைக் காட்டி, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை இருக்கிறதே அதுதான் நீலச்சிறகி ஆண் என்றேன்.

"அது தெரியுது. பொட்ட எது?"

பக்கத்தில் இருப்பது, பழுப்பாக, என்றேன். தண்ணீரின் நிறத்தில் அது எளிதில் பிடிபடவில்லை. அம்மா ரொம்ப நேரம் தேடினாள். அத்தை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சிட்டுது" என்றாள் அம்மா. பைனாகுலரை இறக்காமலே கேட்டாள். "அத்தினி தூரம் இதுவும் அதே றெக்கையிலதான் வந்துதா?"

ஆமாம் என்றேன்.