எண்ணெய் இருக்கிறதா?

உங்களிடம் கடவுள் எப்போதாவது பேசியிருக்கிறாரா?

பல்லி கத்தியது, பூ விழுந்தது என்கிற ரகம் இல்லை. உங்களைக் கூப்பிட்டு, 'இதைச் செய்' என்று சொல்லியிருக்கிறாரா? "நமக்கு அந்த பாக்கியம் இல்லை சார்" என்று பலர் சொல்வீர்கள். "அப்படி யாராவது பேசினால் முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சிலர் சிரிப்பீர்கள்.

நான் வளர்ந்த பாளையங்கோட்டைத் தெருவில் இது சர்வ சாதாரணமான விஷயம். "நேத்து ஜெபத்துல ஆண்டவர் என்கிட்ட பேசினாரு" என்று குழாயடியில் ஒருத்தர் சொன்னால், யாரும் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "அப்படியா, என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்த குடத்தை வைப்பார்கள்.

இதற்குக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் வெளிப்பாடு. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வார்த்தையும் வரும். ஆயத்தம். "ஆயத்தமா இருங்க" என்று சொல்லாத பிரசங்கமே கிடையாது. ஆனால், முதல் வார்த்தைக்கு இருக்கிற மவுசு இரண்டாவதுக்கு இல்லை. வெளிப்பாடு கிடைத்தவரைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஆயத்தமாக இருப்பவரை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இதில் ஆபத்தும் இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு சர்க்கரை வியாதி. ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், அவர் தலையில் கை வைத்து, "இனி உனக்கு மாத்திரை வேண்டாம் என்று ஆண்டவர் சொல்கிறார்" என்றார். பெரியம்மா அன்றைக்கே மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். சில மாதங்களில் காலில் ஒரு சின்னப் புண். அது ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குள் அந்த ஊழியக்காரர் எத்தனையோ ஊர் தாண்டிப் போயிருந்தார். வெளிப்பாடு அவருக்கு. விரல் போனது பெரியம்மாவுக்கு.

இந்தக் கதை முழுக்கத் தெரிந்தவன் என் சித்தி மகன். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. வயது இருபத்தெட்டு. அப்பா இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் நாலு வருஷம் கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஆண்டவர் என்னை ஊழியத்துக்குக் கூப்பிடுறாரு. வேலையை விட்டுரட்டா?"

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்ததாம். காதில் சத்தம் எதுவும் இல்லை. உள்ளே யாரோ சொன்ன மாதிரி இருந்ததாம். ஆதரவில்லாத நோயாளிகளோடு இரு என்று. சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவன் நடிக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'உனக்கென்ன பைத்தியமா' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'விட்டுடு, ஆண்டவர் பார்த்துக்குவார்' என்று சொல்லவும் நா எழவில்லை. வட்டி கட்டப்போவது நான் இல்லையே! அதனால் அவனுக்கு இரண்டு பெண்களின் கதையைச் சொன்னேன்.

முதல் பெண் ஐடா ஸ்கடர். வேலூர் ஆஸ்பத்திரி என்றால் நமக்கெல்லாம் தெரியும். அதைத் தொடங்கியவர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். தாத்தா மிஷனரி டாக்டர், அப்பாவும் மிஷனரி டாக்டர். ஆனால், இவருக்கு அந்த வாழ்க்கையே வேண்டாம். சின்ன வயதில் இங்கே பார்த்த பஞ்சம் அப்படி. அமெரிக்காவில் படித்து, அங்கேயே செட்டில் ஆகிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாக இருக்கிறது, வாருங்கள் என்றார். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வரக் கூடாது என்று அவர் திரும்பிப் போனார். அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னோர் இந்து. அவரும் திரும்பிப் போனார். விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஐடா அதைத்தான் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார். கவனியுங்கள், வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள், அவ்வளவுதான். அழைப்பு ஓர் இரவில் வந்துவிட்டது. ஆயத்தமோ வருஷக்கணக்கில் ஆனது. 1895-ல் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் வந்து நின்றார். ஒரே ஒரு படுக்கையில் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960-ல் கொடைக்கானலில் இறக்கும் வரை அந்த மூன்று தட்டல்களுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பெண் அன்னை தெரசா. கல்கத்தா லொரேட்டோ மடத்தில் கன்னியாஸ்திரீ, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. 1946 செப்டம்பர் 10-ம் தேதி, தியானத்துக்காக டார்ஜிலிங் போகும் ரயிலில் அவருக்கு அழைப்பு வந்தது. மடத்தை விட்டு வெளியே போய், ஏழைகளிலும் ஏழைகளோடு இரு என்று.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அவர் சேரிக்கு ஓடிவிடவில்லை. தன் ஆன்மிக வழிகாட்டியான வான் எக்செம் என்ற ஏசு சபைப் பாதிரியாரிடம் சொன்னார். அவர் பேராயர் பெரியரிடம் கொண்டுபோனார். பேராயர் லேசில் அசைகிற ஆள் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சரி என்றே சொல்லவில்லை. நடுவில் தெரசாவை அசன்சோலுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் அங்கிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி நச்சரித்தார். ஆனால், அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை. ரோமிலிருந்து அனுமதி கைக்கு வந்தது 1948 ஆகஸ்டில். உடனே பாட்னா போய்ச் சில மாதங்கள் மருத்துவப் பயிற்சி. டிசம்பரில்தான் கல்கத்தா மோதிஜீல் சேரியில் கால் வைத்தார். கரும்பலகை இல்லாததால் மண் தரையில் குச்சியால் எழுத்து சொல்லிக்கொடுத்தார்.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாததும் ஒன்று இருக்கலாம். வேலை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அந்தக் குரல் நின்றுவிட்டது. உள்ளே வெறும் இருட்டு. 1958-ல் ஒரு சில வாரங்கள் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. மறுபடி இருட்டு. 1979-ல் நோபல் பரிசு வாங்கும்போதும், 1997-ல் இறக்கும்போதும் அதே நிலைமைதான் என்கிறார்கள். தன் வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சொல்லியிருந்தார். அவற்றை எரித்துவிடச் சொல்லியும் கேட்டிருந்தார். எரிக்கவில்லை. 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் கடவுள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை! ஆனாலும், கைவிடப்பட்டவர்களைத் தேடித் தெருவுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஞாயிறு பள்ளியில் கேட்ட பத்துக் கன்னிகைகள் கதை ஞாபகம் வந்தது. மணவாளனுக்காக விளக்கோடு காத்திருக்கும் பத்துப் பெண்கள். ஐந்து பேர் புத்திசாலிகள், ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள். ஆயத்தம் என்றாலே பிரசங்கிகள் கையில் எடுக்கிற கதை. "தூங்காமல் விழித்திருங்கள்" என்று அழுத்திச் சொல்வார்கள். கதையை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள்! புத்திசாலிகளும்தான். ஒரே ஒரு வித்தியாசம், ஐந்து பேர் பாத்திரத்தில் உபரியாக எண்ணெய் வைத்திருந்தார்கள். மணவாளன் தாமதமாக வரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆயத்தம் என்பது அந்த உபரி எண்ணெய்தான் என்று நினைக்கிறேன். விளக்கு எல்லோரிடமும் இருக்கிறது. பரவசமான ஒரு ராத்திரி எல்லோருக்கும் வாய்க்கலாம். தாமதமாகும்போது, சத்தம் நின்றுபோகும்போது, ஊற்றுவதற்கு என்ன வைத்திருக்கிறோம்?

இரண்டு கதையும் முடிந்ததும் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று, நீ கேட்டதாகச் சொல்லும் குரல் யாருக்குச் செலவு வைக்கிறது? ஐடாவுக்கு வந்த அழைப்பு ஐடாவின் ஆசையைத்தான் காவு வாங்கியது. தெரசாவுக்கு வந்தது தெரசாவின் பாதுகாப்பான மடத்தைப் பிடுங்கியது. பெரியம்மாவுக்கு வந்ததோ வேறொருவர் வாய் வழியாக வந்து, பெரியம்மாவின் விரலை எடுத்தது. உன் வெளிப்பாட்டுக்கு உன் அம்மா வட்டி கட்டணுமா?

இரண்டு, இதை யாரிடம் சொன்னாய்? ஆமாம் போடுகிற நண்பர்களிடமா? பைபிளில் சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்று தடவையும் அவன் கிழவர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து அவரிடம் ஓடுகிறான். கூப்பிடுவது கடவுள் என்று கண்டுபிடித்தது குரலைக் கேட்ட சாமுவேல் இல்லை. கண் மங்கிப்போன ஏலிதான். வந்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. அப்படியும், ஒன்றும் மறைக்காமல் சொல் என்றார் அந்த மனிதர். உனக்கு அப்படி ஓர் ஏலி இருக்கிறாரா?

மூன்று, நாளைக்கு இந்தக் குரல் நின்றுவிட்டால்?

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க விசுவாசமே இல்லாம பேசுறீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். டீ அப்படியே இருந்தது.

ஆனால், அடுத்த வாரமே ஊருக்குப் போய் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வயதான ஐயரைப் பார்த்திருக்கிறான். ஐயர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாராம். "வேலையை விடாதே. ஆஸ்பத்திரிக்குத்தானே கூப்பிட்டாரு? ஒரு வருஷம் சனிக்கிழமை தோறும் போ. எதுவும் பேசாதே, ஜெபம் பண்ணுறேன்னு ஆரம்பிக்காதே. துணைக்கு ஆள் இல்லாதவங்களுக்கு என்ன வேணுமோ அதைச் செய். ஒரு வருஷம் கழிச்சு வா."

போகிறான். இது எட்டாவது மாசம். லேப்புக்கு ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறான், கஞ்சி வாங்கி வருகிறான். போன வாரம் போனில் கேட்டேன், "இப்பவும் ஆண்டவர் பேசுறாராடே?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலண்ணே. ஆனா, போகாம இருக்க முடியல."

வேலையை விடுவானா, மாட்டானா, எனக்குத் தெரியாது. இன்னும் நாலு மாசம் இருக்கிறது. கடன் தவணை ஒழுங்காகப் போகிறது.

நீங்கள் கிறிஸ்தவராக இல்லாமலும் இருக்கலாம். கடவுள் நம்பிக்கையே இல்லாமலும் இருக்கலாம். ஆனால், 'இதுக்காகத்தான் நான் பொறந்திருக்கேன்' என்று ஒரு ராத்திரி உங்களுக்கும் தோன்றியிருக்கும். சினிமா, விவசாயம், வியாபாரம், எதுவாகவும் இருக்கட்டும். அந்த ராத்திரியைச் சந்தேகப்பட வேண்டாம். அதை நாலு பேர் உரசிப் பார்க்கக் கொடுங்கள். ஏசு சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல யோசனை சொல்லி வைத்திருக்கிறார். மனசு இருண்டு கிடக்கும்போது, வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்று. தெரசாவின் ஐம்பது வருஷத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணுகிறவர். இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன். "ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது ஆண்டவர் உன்கிட்ட பேசியிருக்காரா?"

அம்மா அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டிக்கு தினமும் கொண்டுபோகிற கஞ்சி.

"இல்லய்யா" என்றார். "பேசினாத்தான் எந்திரிக்கணுமாக்கும்?"