தீக்கு வேலி போட்ட திராட்சைத் தோட்டங்கள்!

2025 ஆகஸ்ட் 5. தென் பிரான்ஸின் ஓட் மாவட்டத்தில் ரிபோத் என்ற சிற்றூர் அருகே காட்டுத்தீ பிடித்தது. சில நாள்களிலேயே சுமார் 16,000 ஹெக்டேரை அது விழுங்கியது. அதாவது பாரிஸ் நகரத்தைவிடப் பெரிய பரப்பு. ஓர் உயிர் போனது. பல வீடுகள் சாம்பலாயின.

தீ அடங்கியதும் அந்த ஊர் மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ‘முன்பு இங்கே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. அவை இருந்திருந்தால் தீ இவ்வளவு தூரம் ஓடியிருக்காது.’

இதில் விஷயம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் அந்த மலைகளில் புல்லும் புதரும் காய்ந்து சருகாகக் கிடக்கும். திராட்சைக் கொடி மட்டும் பச்சையாக நிற்கும். வரிசைகளுக்கு நடுவே உழுதுபோட்ட வெறும் மண். தீ பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது. யாரும் திட்டமிடாமலே, ஒவ்வொரு தோட்டமும் ஊருக்கு ஒரு தீத்தடுப்பு வேலியாக இருந்திருக்கிறது.

இந்தப் பகுதியின் பெயர் கோர்பியேர். மத்தியதரைக் கடலை ஒட்டிய லாங்க்டாக் பிரதேசத்தில், கார்கசோன், நார்போன் நகரங்களுக்குத் தெற்கே இருக்கும் கரடுமுரடான மலைகள். பிரான்ஸ் ஒயின் என்றால் போர்டோவும் ஷாம்பெயினும்தான் உலகத்துக்கு ஞாபகம் வரும். ஆனால், வெயில் கொளுத்தும் இந்தத் தெற்குதான் பல காலமாக பிரான்ஸின் சாதாரண மனிதர்களுக்கு ஒயின் ஊற்றியது.

‘இந்த ஊர்த் தண்ணிக்குத்தான் இந்த ருசி’ என்று நாம் சொல்வோமே, அதைப்போல பிரெஞ்சுக்காரர்கள் ‘டெர்வார்’ என்பார்கள். மண், வெயில், காற்று, மேடு பள்ளம், அங்கே பாடுபடும் மனிதரின் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்த ஒற்றைச் சொல். கோர்பியேரில் சில இடங்களில் சுண்ணாம்புக்கல், சில இடங்களில் அடுக்கடுக்காக உடையும் பலகைக்கல். வளமே இல்லாத இந்த நிலம்தான் திராட்சைக்குப் பிடிக்கிறது என்பது வேடிக்கை! வேர்கள் பாறை இடுக்கில் புகுந்து தண்ணீர் தேடி ஆழமாக இறங்கும். பழம் குறைவாகக் காய்க்கும். ஆனால், சாறு அடர்த்தியாக இருக்கும். பழைய கரினியான் ரகக் கொடிகளுக்குப் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. கவாத்து செய்து குட்டைப் புதராகவே நிற்கவிடுவார்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று இலைகளை உலர்த்திவிடுவதால், பூஞ்சை நோயும் குறைவு. சுற்றிலும் காட்டு ரோஸ்மேரியும் தைமும் மணக்கும். ஒயினிலும் அந்த வாசனை வருகிறது என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் மூக்கைப் பொறுத்தது!

இந்த மக்கள் ஒயினுக்காகத் தெருவில் இறங்கிய கதையும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். மீண்ட பிறகு அடுத்த இடி. விளைச்சல் அளவுக்கு மீறியது. போதாக்குறைக்கு, சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையில் புகுந்தது. விலை தரைமட்டமானது.

1907-ல் அர்ஜெலியே கிராமத்தில் சின்னதாக ஒரு கஃபே நடத்திய மார்செலின் ஆல்பர் என்பவர் ஊரைத் திரட்டினார். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9-ல் மோன்பெலியே நகரில் கூடியவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அதைக் கேள்விப்பட்டு, உள்ளூர் விவசாயிகளின் பிள்ளைகள் நிறைந்திருந்த 17-வது காலாட்படையில் கலகமே வெடித்தது. அந்த மாதக் கடைசியில் கலப்பட ஒயினுக்கு எதிரான சட்டம் வந்தது.

ஆல்பரின் கதைதான் பாவம். பிரதமர் கிளெமான்சோவைப் பார்க்க பாரிஸ் போனார். ஊர் திரும்ப ரயில் செலவுக்கு என்று பிரதமர் 100 ஃபிராங்க் நீட்ட, வாங்கிக்கொண்டார். விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. அவ்வளவுதான், சொந்த மக்களே அவரை விலைபோனவராகப் பார்த்தார்கள்.

மளமளவென்று மலிவு ஒயினாக ஊற்றிய இந்தப் பிரதேசம், பிறகு மெல்ல மெல்லத் தரத்துக்கு மாறியது. 1985-ல் கோர்பியேருக்குத் தனி ஊர்ப்பெயர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால், ருசி கூடிய காலத்தில் குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். 1960-களில் பிரான்ஸில் தலைக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் செலவானது. இன்று அதில் பாதிகூட இல்லை. உடல்நலத்துக்கு நல்ல செய்திதான். ஆனால், வேறு பயிர் சுலபத்தில் வராத மலையில் கொடியை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு?

கூடவே வெயில். 2019 ஜூன் 28 அன்று லாங்க்டாக்கின் வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி செல்சியஸ். பிரான்ஸ் அதுவரை பதிவு செய்யாத வெப்பம். கொடியிலேயே இலையும் காயும் பொசுங்கின. 2022-க்குப் பிறகு தெற்கே ருசியோன் பகுதியில் வறட்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

விற்காத ஒயினைக் குறைக்க, கொடிகளை வேரோடு பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருவதாக அரசு அறிவித்தது. இதற்காக 12 கோடி யூரோ ஒதுக்கீடு. கடன் கழுத்தை நெரிக்கும்போது யார்தான் மறுப்பார்கள்? பிடுங்கிய இடத்தை உழ ஆளில்லை. புதர் மண்டுகிறது. 2025-ல் தீ அந்தப் புதர்களின் வழியாகத்தான் ஓடியது என்பது அங்குள்ள விவசாயிகளின் குமுறல். தப்பிய தோட்டங்களிலும் நிம்மதி இல்லை. புகை பழத்தோலில் ஏறினால், ஒயினில் கருகல் வாடை வந்துவிடும்.

சில விவசாயிகள் கொடி இருந்த இடத்தில் ஆலிவ், மாதுளை, பிஸ்தா என்று முயன்று பார்க்கிறார்கள். பிஸ்தா மரம் காய்ப்புக்கு வரவே பல வருடங்கள் ஆகும். அதுவரை வருமானம் இல்லாமல் அந்த நிலத்தை உழுது, புதர் மண்டாமல் வைத்திருக்க வேண்டும்.