ஆறட்டும் சார்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரைக்கனி பார்த்துவிட்டு கணபதியில் மாமா வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னாலேயே லேத்துப் பட்டறை. லீவு நாள்தான். ஆனாலும் மாமா பனியனோடு உள்ளே உட்கார்ந்து ஜிஎஸ்டி பில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பழைய லேத், ஒரு சிஎன்சி, ஒரு டிரில்லிங் மெஷின், நாலு ஆள். கோவை பம்ப் கம்பெனிகளுக்கு ஸ்லீவும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர்.

"காலேஜை விட்டுட்டு இங்க வந்துட்டா எப்படிங்க மாமா?" என்றேன். விளையாட்டாகக் கேட்பதுபோல ஒரு குரல் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அதே குரல்தான்.

மாமா தலையைத் தூக்கவில்லை. "வா மாப்ளே. ஆனா படிச்சவன் பட்டறைக்கு வந்தா மொத ஆறு மாசம் பட்டறைக்கு நட்டம். அதுக்கு நான் ரெடி. நீ ரெடியா?"

திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "புலம்பறதை நிறுத்துங்க. ஆறு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, காலேஜ்ல எத்தனை மணி நேரம் என்ன பண்றீங்கன்னு எழுதுங்க. அப்புறம் பேசலாம்." ஆடிட்டர் ஆபீஸில் டாலி போடுகிறவள். பற்று வரவு எழுதாத எதையும் அவள் பிரச்சினை என்றே ஒப்புக்கொள்வதில்லை. நாளையிலிருந்து எழுத வேண்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

தேர்தல் வெள்ளிக்கிழமை முடிந்தது. இன்று மீட்டிங். விஷயம் அட்மிஷன், ஆளுக்கு ஐந்து சீட். பிடித்து வராதவர்களுக்கு மே மாதச் சம்பளம் "பரிசீலிக்கப்படும்". கெமிஸ்ட்ரி மேடம் ஒருவர் பர்கூர் பக்கம் சொந்த ஊர் என்பதால் அந்த ஏரியாவே அவருக்கு ஒதுக்கப்பட்டது. உரக் கம்பெனி விற்பனையாள் மாதிரி.

2011-இல் நான் சேர்ந்தபோது மெக்கானிக்கலில் அறுபது அறுபதாக இரண்டு செக்‌ஷன். இப்போது இரண்டாம் ஆண்டில் மொத்தம் 11 பேர். 2018-இல் ஏஐசிடிஇ 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதை 20 பேருக்கு ஒருவர் என்று மாற்றியது. அந்த வருஷமே எங்கள் டிபார்ட்மெண்டில் நாலு நாற்காலி காலி. போன டிசம்பரில் இன்னொன்று: நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸை அகலப்படுத்திக்கொண்டே போகும். எங்களைப் போன்ற இடத்துக்கு வரவேண்டிய பையன்களும் அங்கேயே அடங்கிவிடுவார்கள். யார்மேலும் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த 11 பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசும்போது என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் முறையாகப் பட்டறையில் முழு நாள். சிஎன்சி ஓட்டுவது என்னிடம் படித்த பையன், 2019 பேட்ச். மாமாவிடம் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காரவா வந்தேன்? பிசிறு எடுக்கச் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் பட்ட பாட்டைப் பார்த்து நானே ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

நாள் முழுக்க பிசிறு. சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் ரசம் எரிகிறது, விரல் நுனியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்.

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். காலையிலிருந்து ஃபோன்தான். பட்டியலை யாரிடம் எவ்வளவு கொடுத்து வாங்கினார்களோ, அதில் பையன் பெயர், அப்பா பெயர், நம்பர் எல்லாம் இருக்கிறது. முப்பத்தேழு அழைப்பு. பாதிப் பேர் அதற்குள் வேறு நாலு கல்லூரியிடம் பேசிச் சலித்திருந்தார்கள்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ஏனுங் சார், மெக்கானிக்கல் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?"

பதில் பிரசுரத்தில் அச்சாகி என் முன்னால்தான் இருந்தது. ஆட்டோமொபைல், ஏரோஸ்பேஸ், ரோபோடிக்ஸ். எனக்கு ஞாபகம் வந்தது மாமா பட்டறைப் பையன். 19,000 சம்பளம், ஓவர்டைம் தனி. நல்ல வேலைக்காரன். அதைச் சொல்லலாமா என்று யோசித்த இரண்டு விநாடியில் அந்த அம்மாவே "சரிங்க, அவங்கப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டார். அந்தக் கேள்வியை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. "அட்மிஷன் கால், 5 மணி 30 நிமிடம்" என்று போட்டேன்.

மே 12, ஞாயிறு

இதை விவரமாக எழுத வேண்டும்.

இன்று மெஷினையே கையில் கொடுத்தான். எஸ்எஸ் ஸ்லீவ், உள்துளை 32 எச்7. அதாவது 32.000-க்குக் குறையக் கூடாது, 32.025-ஐத் தாண்டக் கூடாது. தலைமுடி ஒன்றின் தடிமனில் பாதிகூட இல்லாத இடைவெளி. இந்த எச்7 அட்டவணையைப் பதின்மூன்று வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன்.

மூன்று பீஸ் போட்டேன். கூலண்ட் குழாய் கொஞ்சம் திரும்பியிருந்தது, துளைக்குள் சரியாக விழவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. பீஸைக் கழற்றியதும் போர் கேஜ் விட்டுப் பார்த்தேன்: 32.006. இரண்டாவது 32.007. மூன்றாவதும் அதே. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

பையன் பார்த்துக்கொண்டே நின்றான். "கொஞ்சம் ஆறட்டும் சார்," என்றான்.

பத்து நிமிஷம் கழித்து ப்ளக் கேஜை எடுத்து நீட்டினான். 'கோ' முனை உள்ளே போகவில்லை. மூன்றிலும் போகவில்லை. துளை 31.995. கையில் சூடு தெரிந்தது, ஆனால் சூட்டை அளவோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. இரவு வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எஸ்எஸ் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 17 மைக்ரான் விரியும். 32 மில்லிமீட்டர், இருபது டிகிரி சூடு. கிட்டத்தட்ட 11 மைக்ரான். கச்சிதமாக அதே 11. முதல் வருஷப் பையன் போடும் கணக்கு. நானே எத்தனை தடவை கேள்வித்தாளில் வைத்திருப்பேன்! இரண்டு மார்க் கேள்வி.

மறுபடி பெரிதாகக் கடைந்து மூன்றையும் அவன் காப்பாற்றிவிட்டான். துளை சின்னதாக இருந்ததால் பிழைத்தது, பெரிதாகியிருந்தால் குப்பை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத நினைக்கிறேன். ஆனால் உண்மை அது இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மே 19, ஞாயிறு

மழை. பட்டறைக்குப் போகவில்லை. சொந்தமாக ஒரு சிஎன்சி போட்டால் என்ன என்று கணக்குப் போட்டோம். இவள்தான் போட்டாள்.

மெஷின், டூலிங், கரண்ட் இழுப்பது எல்லாம் சேர்த்து 22 லட்சம். கையிலிருந்து நாலு, கடன் பதினெட்டு. பத்தரை வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 38,700 வருகிறது. மாமா வாங்கும் ரேட் மணிக்கு 300. ஒரு ஷிப்டு, மாதம் 200 மணி நேரம். செட்டிங், கரண்ட் கட், ஆர்டர் இல்லாத நாள் கழித்தால் 160 ஓடினாலே பெரிது. 48,000. தவணை போக மிச்சம் 9,300. அதில் ஆபரேட்டர் சம்பளம், மின்சாரம், இன்செர்ட், வாடகை, பிறகு நாங்கள் மூன்று பேர் சாப்பாடு.

"ரெண்டு ஷிப்டு ஓட்டினா?" என்றேன். "ரெண்டு ஷிப்டுக்கு ஆர்டர் யாருங்க குடுக்கறாங்க?" என்றாள்.

மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டம் இருக்கிறது, பட்டம் படித்தவர்களுக்கு முதலீட்டில் 25 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. அதைக் கழித்தால் கணக்கு கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஆனால் மானியம் கிடைக்கிறதே என்பதற்காக மெஷின் வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிற இரண்டு பேரை எனக்கே தெரியும். தாளைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்தாள்.

மே 26, ஞாயிறு

ஆறு வார நோட்டு முடிந்தது. மொத்தம் 270 மணி நேரம். வகுப்பும் லேபும் 41. என்பிஏ அங்கீகார ஃபைல் 96. அட்மிஷன் ஃபோனும் அலைச்சலும் 88. மீட்டிங் 27. பஸ் டியூட்டி, எக்ஸாம் ஹால், இதர 18.

என்பிஏ ஃபைலில் மூன்று வருஷத்துக்கு முந்தைய வகுப்புகளின் 'கற்றல் விளைவு' சதவீதத்தை இப்போது எழுதினேன். அந்த மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. விளைவு 72.4 சதவீதம்.

இவள் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. 41-க்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

"வாத்தியார் வேலையை விடலாமா" என்றுதான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறில் ஒரு பங்குகூட இல்லாத வேலையை.

ஜூன் 2, ஞாயிறு

பட்டறையில் மாமா கவலையாக இருந்தார். புது வருமான வரி விதிப்படி சிறு தொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைத் தரும் வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது. மாமா மாதிரி ஆள்களுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். பலன்? ஒரு கம்பெனி ஒழுங்காகப் பணம் போட்டது. இன்னொன்று, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு இல்லாத பட்டறைக்கு வேலையை மாற்றிவிட்டது. தொண்ணூறு நாள் கழித்துத் தந்தாலும் அங்கே கேள்வியில்லை.

பிறகு ஒரு டிராயிங்கை என்னிடம் நீட்டினார். வால்வு கம்பெனி ஒன்றின் என்கொயரி. அளவு எல்லாம் புரிகிறது, ஓரத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டிருக்கும் குறிகள்தான் புரியவில்லை என்றார். ஜியோமெட்ரிக் டாலரன்ஸ், பொசிஷன், ரன்அவுட். எதைப் பிடித்து எதை அளக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சாக்பீஸால் தரையில் வரைந்து சொன்னேன். பையனும் குந்தி உட்கார்ந்து கேட்டான். கூடவே இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். அதற்குப் பயந்தே போன வருஷம் இதே மாதிரி ஒரு ஆர்டரை விட்டாராம்.

"உனக்கு எதுக்குடா மெஷின்?" என்றார் மாமா. "மெஷின் என்கிட்ட இருக்கு. இதைப் படிக்கத்தான் ஆள் இல்லை."

25,000 தருவதாகச் சொன்னார். கல்லூரியில் 38,000. பதின்மூன்றாயிரம் குறைச்சல், அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் பதின்மூன்றாயிரம்தான். இதே வேலை தேவைப்படும் பட்டறை ஆவாரம்பாளையத்திலும் சின்னவேடம்பட்டியிலும் இருக்கிறதாம், வாரத்துக்கு ஒரு நாள் அங்கேயும் போய்க்கொள் என்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். பஞ்சாலையில் ரிங் ஃபிரேமில் இருந்தவர். தொண்ணூறுகளில் மில் மூடியபோது அவருக்கு என் வயசு, 41. பிறகு நூல் கடை, நைட் வாட்ச்மேன், கடைசியில் கோயில் கணக்கு. ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மில்லுக்காரன் கேட்டைச் சாத்திட்டான், கண்ணு. ரோசனை பண்ற வேலை இல்லை. உனக்குக் கேட்டு தொறந்தே கிடக்குது. அதான் கஷ்டம்."

அம்மா மட்டும் கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயருக்குக் கீழே இனி என்ன போடுவது என்று கேட்டாள். சிரித்தேன். ராத்திரி அதே கேள்வி எனக்கும் வந்தது, சிரிப்பு வரவில்லை. சம்பளத்துக்காக இரண்டு வருஷம் தயங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னது பாதிப் பொய். 'புரொபசர்' என்று தெருவில் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 15, சனி

விடுவது என்று முடிவானதும் இவள் முழு ஆடிட்டர் ஆகிவிட்டாள். கிராஜுவிட்டி ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். "1972 சட்டத்தை 2009-ல திருத்திட்டாங்க, 1997 ஏப்ரல் 3-லருந்தே செல்லும். 2022-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு," என்றாள். பேசிக் 26,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. பதின்மூன்று வருஷத்துக்கு 1,95,000. பதினைந்து மாதக் குறைச்சல் அதிலேயே அடைகிறது. பிஎஃப்பை எடுக்கக் கூடாது. பத்து வருஷம் தாண்டியதால் 58-இல் பென்ஷன் உண்டு, அது சின்னத் தொகைதான், இருக்கட்டும் என்றாள்.

ஜூலை 1, திங்கள்

கடிதம் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ். என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் கல்லூரி அலமாரியில், கடைசி நாளில்தான் கைக்கு வரும். ஹெச்ஓடி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "பட்டறையில இன்னொரு ஆளுக்கு வேலை இருக்குமா சார்?" என்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு.

ஜூலை 16, செவ்வாய்

மின்கட்டணம் 4.83 சதவீதம் ஏறியிருக்கிறது, ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்தே. மாமா ஃபோன் செய்து, "இப்பவும் வரயா?" என்றார். வருகிறேன் என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

அதே ஸ்லீவ். கூலண்ட் குழாயை முதலில் பார்த்தேன். கழற்றியதை அளக்காமல் மேஜையில் வரிசையாக வைத்தேன், ஒவ்வொன்றாக ஆறட்டும் என்று. மதியம் டீ வந்தது. டீ ஆறுவதற்குள் குடித்தேன், ஸ்லீவை ஆறிய பிறகு எடுத்தேன். 'கோ' வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. 'நோகோ' வாசலிலேயே நின்றது.

சாயங்காலம் பையன் தினசரி உற்பத்தி ஷீட்டை நிரப்பினான். பார்ட் நம்பர் எழுதினான். ஆபரேட்டர் என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. என் பெயரை எழுத அவனுக்கு வரவில்லை போலிருக்கிறது. அவன் போன பிறகு எடுத்துப் பார்த்தேன்.

ஆபரேட்டர்: சார். உற்பத்தி: 38. ரிஜெக்ட்: 1.