பாகில் உடையாத உருண்டை

ரசகுல்லாவை முதலில் செய்தவர் யார் என்ற கேள்வியோடுதான் கொல்கத்தா போனேன். அங்கே யாரைக் கேட்டாலும் வருவது ஒரே பெயர்: பாக்பஜார் நொபின் சந்திர தாஸ், 1868. ஒடிசாக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. ரத யாத்திரை முடிந்து கோயிலுக்குத் திரும்பும் ஜெகந்நாதர், தன்னை விட்டுவிட்டுப் போனாரே என்று கோபித்துக் கதவடைக்கும் லட்சுமியைச் சமாதானப்படுத்தக் கொடுப்பது ரசகுல்லா. புரியில் இது காலங்காலமாக நடக்கும் சடங்கு என்கிறார்கள்.

இந்தப் பிரச்சினை கடைசியில் நம் சென்னைக்குத்தான் வந்தது. இங்குள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2017 நவம்பரில் வங்காள ரசகுல்லாவுக்கும், 2019 ஜூலையில் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே குறியீடு கொடுத்தது. இரு தரப்பையும் சமாளித்து அனுப்பியதாகத் தோன்றலாம். இரண்டையும் சாப்பிட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது.

புவனேஸ்வருக்கும் கட்டாக்குக்கும் நடுவே, பஹாளாவின் சாலையோரக் கடைகளில் கிடைப்பது லேசான பழுப்பு. வாயில் போட்டதும் கரைகிறது. கொல்கத்தா எஸ்பிளனேடில், நொபின் சந்திரரின் மகன் பெயர் தாங்கிய கே.சி. தாஸ் கடையில் வாங்கியதோ வெள்ளை வெளேர் என்றிருந்தது. இரு விரலால் அழுத்தினேன். பாகு வழிந்து உருண்டை சப்பையானது. விரலை எடுத்ததும் பழையபடி உப்பிக்கொண்டது.

இந்த உப்பல் எப்படி வருகிறது என்பதை வட கொல்கத்தாவில் ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். காய்ச்சிய பசும்பாலில், முன்பு பால் திரித்தபோது எடுத்துவைத்த புளித்த தெளிநீரை ஊற்றித் திரிக்கிறார்கள். துணியில் கட்டி வடித்த சானாவை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்த்துப் பிசைகிறார்கள். ஈரம் மிஞ்சினால் உருண்டை பாகில் உதிர்ந்துவிடும். குறைந்தால் நடுவில் இறுகிவிடும். கம்பிப் பதத்துக்கு வராத நீர்த்த பாகு நுரை பொங்கக் கொதிக்கும்போது உருண்டைகளைப் போட்டு, பாகு கெட்டியாகாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொன்றும் இரு மடங்கு ஆகிறது.

சானாவும் சர்க்கரையும் நொபின் சந்திரருக்கு முன்பே வங்காளத்தில் இருந்தவை. கொதிக்கும் பாகில் உடையாமல், உள்ளெல்லாம் துளைவிட்டுப் பாகைக் குடித்து நிற்கும் உருண்டைதான் அவருடைய சாதனை. முதல் கடை நொடித்தபின் பாக்பஜாரில் மறுபடி கடை போட்டவர் அவர்.

குடும்பத்தின் கதை அதோடு நிற்கவில்லை. ரசமலாய் மகன் கிருஷ்ண சந்திரரின் கைவண்ணம் என்கிறார்கள். ஓரிரு நாளில் கெட்டுப்போகும் பண்டத்தை வெளியூருக்கு அனுப்புவது எப்படி என்பது அடுத்த சிக்கல். 1930இல் தன் மகன் சாரதா சரணோடு தனிக்கடை தொடங்கிய அவர், ரசகுல்லாவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து விற்றார். 1965இல் பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மேற்கு வங்க அரசு சானா இனிப்புகளுக்கே தடை போட்டது. தொழிலின் அடிமடியிலேயே கைவைத்த ஆணை அது. அதையும் தாண்டி, 1972இல் பெங்களூரில் கடை திறந்தார்கள்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ரசகுல்லா என்ற பண்டத்துக்கு ஒடிசா உரிமை கோரட்டும். அழுத்தினால் மீண்டும் உப்புகிற அந்தப் பதம் பாக்பஜாருடையது. அப்பன் பெயரைச் சொல்லிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலே பிள்ளைகளுக்குப் பிழைப்பு ஓடியிருக்கும். அவரவர் காலத்துச் சிக்கலை அவரவர் அடுப்படியிலேயே தீர்த்ததால்தான் தாஸ் என்ற பெயர் இன்றும் ஒரு கடையின் பெயரில் இருக்கிறது.