கடலே இல்லாத மாவட்டத்தில் இருந்து ஒரு கடல் பயணம்... சர் சி.வி.ராமன் கண்டுபிடித்த நீலம்!

ராஜகுளம். பெயரிலேயே குளம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்த ஊரை எடுத்தாலும் இப்படித்தான். ஏரி, குளம், தாங்கல் என்று ஏதாவது ஒரு நீர்நிலை கூடவே வரும். 'ஏரிகள் மாவட்டம்' என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் கடல்? 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கடற்கரைகூடக் கிடையாது. இங்குள்ள பிள்ளைகளுக்குக் கடல் என்பது லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் விஷயம்.

அப்படிப் போகும் பிள்ளைகள் எல்லாம் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "நம்ம ஏரித் தண்ணி செம்மண் கலர்ல இருக்கு. கடல் மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

"வானம் நீலமா இருக்குல்ல, அது தண்ணியில தெரியுது" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். நூறு வருடங்களுக்கு முன்பு பெரிய விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். அது முழு உண்மை இல்லை என்று நிரூபித்தவர் ஒரு தமிழர். கடலை ஆராய அவர் தனிக் கப்பல் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியே அதைச் செய்தார்.

ஏரிக்கு ஒரு வாரியம்

சென்னைக்குக் கிளம்பும் முன் உத்திரமேரூரில் ஓர் எட்டு நின்றுவிட்டுப் போகலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படி அமைந்த குழுக்களில் ஒன்றின் பெயர் 'ஏரி வாரியம்'. ஏரியைக் கவனிக்க மட்டும் தனிக் குழு! சுமார் 1,100 வருடங்களுக்கு முன்பே தண்ணீரை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மண் இது.

இனி பூந்தமல்லி வழியாகச் சென்னை. இறங்க வேண்டிய இடம் மெரினா.

கடலுக்கு எதிரே ஒரு கல்லூரி

காமராஜர் சாலையில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது மாநிலக் கல்லூரி. 1903-ல் 14 வயதுப் பையனாக ராமன் இங்கே சேர்ந்தார். பிறந்தது திருச்சி திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-ல். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால் சிறு வயதிலேயே குடும்பம் அங்கே போனது. ஆக, வளர்ந்தது ஒரு கடற்கரை ஊர். படித்தது இன்னொரு கடற்கரையில்.

மாணவராக இருந்தபோதே, 18 வயதில், ஒளி பற்றிய அவருடைய முதல் கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலாசபிகல் மேகசின்' இதழில் அச்சானது. 1907-ல் எம்.ஏ. முடித்தவுடன் கிடைத்ததோ நிதித்துறை அதிகாரி வேலை. கல்கத்தாவில் பகலெல்லாம் கணக்கு. காலையும் மாலையும் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். அடுத்த பத்து வருடத்தில் பெரும்பகுதி இப்படியே ஓடியது. 1917-ல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

கப்பலில் ஒரு பரிசோதனை

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போனார் ராமன். அதுதான் அவரது முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பி வந்தது 'நார்குண்டா' என்ற கப்பலில். மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது அந்த ஆழ்ந்த நீலம் அவரை விடவில்லை.

வானம் ஏன் நீலம் என்று விளக்கியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. கடலின் நீலம், தண்ணீரில் தெரியும் வானத்தின் பிம்பம்தான் என்பது அவர் கருத்து. நோபல் பரிசு வாங்கியவர் சொன்ன கருத்து அது.

ராமனிடம் 'நிக்கோல் பட்டகம்' என்ற சிறிய கருவி இருந்தது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பார்த்தால், இந்தப் பட்டகம் அதை மறைத்துவிடும். வானத்தின் பிம்பத்தை மட்டும் அழித்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம்.

ராலே சொன்னது சரியென்றால் நீலம் மங்கியிருக்க வேண்டும். ஆனால் நீலம் இன்னும் அழுத்தமானது! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு வந்தார் ராமன். ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவில்லை. 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருக்கும் முகவரி, பம்பாய் துறைமுகம். தேதி, செப்டம்பர் 26.

இதில் அடுத்தடுத்து வந்தவர்களின் பங்கும் உண்டு. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது; அதனால் ஆழத்துக்குப் போய்ச் சிதறித் திரும்புவதில் நீலமே மிஞ்சுகிறது என்பது இன்றைய முழு விளக்கம். ஒரு டம்ளர் தண்ணீரில் இது நடக்க இடம் போதாது. அதனால்தான் அது நிறமில்லாமல் தெரிகிறது.

ராமனின் மாணவர் கே.ஆர்.ராமநாதன், தண்ணீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது 1923-ல் வித்தியாசமான ஒரு மங்கலான ஒளியைக் கவனித்தார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், 1928 பிப்ரவரி 28-ல் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் 'ராமன் விளைவை' அடைந்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசும் வந்தது. கடலைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போனது.

நிறம் சொல்லும் மீன் இருப்பிடம்

மெரினாவில் நின்று பாருங்கள். கரையோரத் தண்ணீர் கலங்கலாக, கொஞ்சம் பச்சையாக இருக்கும். மணலும் வண்டலும் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இன்னொரு காரணம். நுண்பாசி நிறைந்த இடத்தில் அதைத் தின்னும் சிறு உயிர்கள் சேரும். அவற்றைத் தேடி மீன்கள் வரும். அப்படியென்றால், கடலின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் மீன் எங்கே கிடைக்கும் என்று கணிக்கலாம் அல்லவா?

1999 மே 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள் அந்த வேலைக்காகத்தான் கடல் நிறத்தை அளக்கும் கருவியைச் சுமந்து போனது. இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம், கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் வைத்து மீன்வளப் பகுதிகளைக் கணித்து மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. வலைபோடும் இடத்தைத் தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம். டீசல் விற்கிற விலையில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ராமனின் பட்டகம் நமக்குக் கிடைக்காது. ஆனால் 'போலராய்டு' கூலிங் கிளாஸ் போதும். அதுவும் பிம்ப ஒளியை மறைக்கும். வெயில் நாளில் அதைப் போட்டுக்கொண்டு, நேர் கீழேயும் பார்க்காமல் தூரத்திலும் பார்க்காமல், சற்றுச் சாய்வாகத் தண்ணீரைப் பாருங்கள். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்தால், மேலே மின்னும் வெளிச்சம் மறைந்து தண்ணீரின் சொந்த நிறம் தெரியும்.

இதற்குக் கடல் வேண்டும் என்பதில்லை. ஏரிக்கரை போதும். செம்மண் நிறமென்றால் கரைந்து வந்த மண். கெட்டியான பச்சையென்றால் பாசி பெருகியிருக்கிறது. கழிவுநீரோ உரமோ கலந்திருக்கக்கூடும், என்னவென்று விசாரிக்க வேண்டிய நேரம்.

ஒருகாலத்தில் ஏரியைப் பார்த்துக்கொள்ள வாரியம் வைத்திருந்த மாவட்டம் இது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை "தண்ணி ஏன் இந்தக் கலர்ல இருக்கு?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து, கரைக்கு அழைத்துப் போங்கள்!