நாலு பேர், ஒரு லேபிள்

மகளிர் சுயஉதவிக் குழுவில் நாலு பெண்கள். கம்பு முறுக்குக்குச் சொந்தமாக ஒரு லேபிள் வேண்டும். வெளியில் கொடுத்துச் செய்யக் காசில்லை. ஒருத்தியின் மகளுடைய லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒருத்தி படம் எடுத்தாள். ஒருத்தி வாசகம் எழுதினாள். ஒருத்தி நிறம் பார்த்தாள். மூத்தவர் மட்டும், “எனக்கு என்னம்மா தெரியும்?” என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாதிரிக்கு அடித்த 50 ஸ்டிக்கர் வந்ததும் முகம் வாடிப்போனது. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, தாளில் மங்கல். முறுக்குப் படமோ ஒரே கலங்கல். அச்சகத் தம்பி பொறுமையாக விளக்கினார்.

“திரைக்கு சிவப்பு, பச்சை, நீலம், அச்சுக்கு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ரெண்டும் வேற கணக்கு அக்கா. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா தரம் குறைஞ்சிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கணும். சுத்தி 3 மி.மீ. கூடுதலா விடுங்க, வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாது.”

எல்லாவற்றையும் திருத்தினார்கள். 1,000 அடிக்கக் கொடுக்கும் முன் மூத்தவரிடம் நீட்டினார்கள். கண்ணாடியை மாட்டிப் பார்த்தவர் கேட்டார்: “அழகாத்தான் இருக்கு. தயாரிச்ச தேதி போட இடம் எங்கடி?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் அவர் பார்க்காமல் எந்த டிசைனும் அச்சுக்குப் போவதில்லை.