எந்த ஊர்த் தண்ணி குடிச்ச வண்டி?

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். என் மாமனார் இன்னொரு கேள்வியும் கேட்பாராம்: "இது எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தது?" சென்ற ஆண்டு ஒரு பழைய கார் வாங்குவதற்காக நாங்கள் நாலு ஊர் சுற்றியபோது, அந்த ஒரு கேள்விதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

எங்கள் வீடு திண்டுக்கல்லில். மாமியார் இருப்பது சிறுமலையில். தூரம் என்னவோ 25 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் 18 கொண்டை ஊசி வளைவுகள்! அதற்கப்புறம் வாழைத் தோட்டம் வரைக்கும் மண் பாதை. அத்தைக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியாது. டாக்டரிடம் காட்ட வாடகைக் கார் பிடித்தால், மண் பாதையைக் கண்டதும் "இதுக்கு மேலே வண்டி வராதுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். பேரனுக்கு எட்டு மாதம்; அவனையும் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டும். ஏலச்சீட்டுப் பணமும் என்னவரின் சேமிப்பும் சேர்ந்து ஆறு லட்சம் இருந்தது. "புதுசு கட்டுப்படியாகாது. பழசிலேயே உசரமான சின்ன எஸ்.யூ.வி. ஒண்ணு பார்ப்போம்" என்றார்.

'சின்ன' எஸ்.யூ.வி. என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருப்பது. அந்த அளவுக்குள் இருந்து, என்ஜினும் சிறிதாக இருந்தால் வரி குறைவு. பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவைதான். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் கல்லும் மேடும் இடிக்காது. நமது தெருவிலும் திரும்பும்.

முதலில் சென்னை. வைகை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். விலை எங்கள் கையிருப்பைவிட ஒரு லட்சம் குறைவு. வண்டியும் கண்ணாடி மாதிரி பளபளப்பு! கூட வந்த மெக்கானிக் தம்பி பளபளப்பைப் பார்க்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். அடிப் பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு! பின்னால் ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் குழியில் மணல். "2023 டிசம்பர் வெள்ளத்துல நின்ன வண்டிக்கா" என்றார். மிக்ஜாம் புயலில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் டி.வி.யில் பார்த்தோமே! என்ஜினைச் சுத்தம் செய்தாலும், உள்ளே ஓடும் வயர்களில் புகுந்த ஈரம் பின்னால் எப்போது வேண்டுமானாலும் காலை வாரும். ஏர்பேக்குக்கும் பிரேக்குக்கும் அந்த வயர்கள்தானே உயிர்? விலை குறைகிறதென்று ஆசைப்படாமல் கிளம்பினோம்.

அடுத்தது தூத்துக்குடி. ஊரை நெருங்கும்போதே உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைக் கூசும். வண்டிக்காரர் நல்ல மனிதர். மோர் கொடுத்து உபசரித்தார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் தம்பி தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கதவின் கீழ் விளிம்பிலும் சைலன்சர் குழாயிலும் துரு அரித்திருந்தது. உப்புக் காற்றின் வேலை! கடலோரத்து வண்டியென்றால் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பதுதான் முக்கியம். மக்ரூன் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

மூன்றாவதாகக் கொடைக்கானல். வத்தலக்குண்டு வழியாக மேலே ஏற ஏற, குளிரும் யூகலிப்டஸ் வாசனையும்! அங்கே பார்த்தது டீசல் வண்டி. துரு இல்லை, சேறு இல்லை. ஓட்டிப் பார்த்தால், ஏற்றத்தில் என்ஜின் இரைகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை. கிளச் தேய்ந்திருந்தது, பிரேக்கும் அப்படியே. மலை வண்டிக்கு இது இயற்கை. மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். அவர் குறைக்கச் சம்மதிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகை வடிகட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், அது கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். நம்மைப் போன்ற வீடுகளுக்குப் பெட்ரோல்தான் தோது.

கடைசியில் அமைந்தது கரூரில்! கடலும் இல்லை, மலையும் இல்லை, வறண்ட பூமி. ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்த 2019 நெக்ஸான், பெட்ரோல். சர்வீஸ் ரசீதுகளை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். இந்த மாடலுக்கு 2018-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. குழந்தை இருக்கையைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் சீட்டில் இருக்கின்றனவா என்று மகள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சகோதரிகளே, மெக்கானிக் இல்லாமலே நாம் பார்க்கக்கூடியவை சில உண்டு. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின்தான் உண்மை பேசும். என்ஜின் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டயரில் நாலு இலக்க எண் இருக்கும்; '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மீட்டர் 30,000 என்று காட்டி, பெடல் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். கடன் இருந்தால் 35-ஆம் படிவம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.

கரூர்க்காரரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: "எங்க மலையில ஒரு தடவை ஏத்திப் பார்த்துட்டு முடிவு சொல்லலாமா?" அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். ஏ.சி. போட்டு, ஐந்து பேர் உட்கார்ந்து, 18 வளைவும் திணறாமல் ஏறியது. மண் பாதையிலும் அடி தட்டவில்லை. அத்தை வாசலுக்கு வந்து, கதவைத் திறந்து, பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. "கட்டில்ல உட்கார்ற மாதிரியே இருக்குடி" என்றார். என்னவர் அங்கேயே முன்பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது மாதம் ஒருமுறை டாக்டரிடம் போய் வருவதற்கு அத்தை யாரையும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் ஊருக்கு இது பொருந்தியது. உங்கள் ஊருக்கு வேறொன்று பொருந்தலாம். எதுவானாலும் விலையைக் கேட்பதற்கு முன்னால், அந்த வண்டி எந்த ஊரில் வளர்ந்தது என்று கேளுங்கள்!